ஜீன் ஹேக்மேன் திறமைய வீணடிச்சாரா, உழைச்சு சாப்பிட்டாரா?

நைட்ஷோ:
நேத்து ராத்திரி மறுபடி ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மேன் நடிச்ச ‘தி கான்வர்சேஷன்’ (1974) பாத்தேன், எத்தனாவது தடவைன்னு கணக்கே இல்ல. முடிஞ்சும் தூக்கம் வரல, அதே சூட்டோட அவரோட கடைசிப் படம் ‘வெல்கம் டு மூஸ்போர்ட்’ (2004) போட்டேன், நாப்பது நிமிஷத்துக்கு மேல உட்கார முடியல. மனசே கஷ்டமாயிருச்சு. கான்வர்சேஷன்ல ஒட்டுக்கேக்குறதையே தொழிலா வச்சிருக்குற ஆளா வர்றவர், கடைசில தன் வீட்டையே பிச்சுப் போடுவாரே, ஒட்டுக்கேக்குற கருவி எங்க இருக்குன்னு தேடி சுவரு, தரைப்பலகை எல்லாம் உடைப்பார். கன்னி மரியாள் சிலை மட்டும் மிச்சம் இருக்கும், அத கையில எடுத்து பாத்துட்டு அப்படியே வச்சிருவார், கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பி வந்து அதையும் உடைப்பார். அந்த தயக்கம் ஒண்ணு போதும். அந்த மாதிரி ஒரு நடிகன் கையில கிடைச்ச வாய்ப்பெல்லாம் காசுக்காக வாரி விட்டுட்டார்ங்கறது தான் என் ஆதங்கம்.

லிஸ்ட் பாருங்க. 71ல பிரெஞ்ச் கனெக்‌ஷன், அதுக்கு ஆஸ்கர். 73ல ஸ்கேர்க்ரோ, 74ல கான்வர்சேஷன், ரெண்டும் அடுத்தடுத்த வருஷம் பிரான்ஸ்ல நடக்குற கான் திரைப்பட விழாவுல பெரிய பரிசு. அப்படி உச்சத்துல இருந்த ஆளு 75லயே ‘லக்கி லேடி’ன்னு ஒரு படம், 77ல ‘மார்ச் ஆர் டை’, ‘டாமினோ பிரின்சிபிள்’, எல்லாம் சம்பளத்துக்கு தான்னு அவரே பின்னாடி ஒத்துக்கிட்டார். அப்புறம் சூப்பர்மேன் 4, லூஸ் கேனன்ஸ். பெரிய நடிகர்னா அவருக்கு ஒரு பொறுப்பு இருக்கா இல்லையா?

பழையரீல்:
தம்பி, உங்க லிஸ்ட் சரி, தீர்ப்பு தான் தப்பு. அந்த ஆளு எங்கிருந்து வந்தார்னு பாக்காம சம்பளத்தப் பத்தி பேசுறது நியாயம் இல்ல.

1930ல பொறந்தவர், வளந்தது இலினாய் மாநிலத்துல டேன்வில்னு ஒரு சின்ன ஊரு, அப்பா அங்க பேப்பர் ஆபீஸ்ல அச்சு மெஷின் ஓட்டுறவர். பையனுக்கு 13 வயசு இருக்கும்போது அப்பா வீட்ட விட்டுப் போயிட்டார். 16 வயசுல வயசக் கூட்டிச் சொல்லி மரீன் படையில சேந்து சைனா வரைக்கும் போய் ரேடியோ ஆபரேட்டர் வேலை. நடிப்புப் பள்ளிக்குப் போனதே 26 வயசுல, பாசடீனா பிளேஹவுஸ். அங்க இவரும் டஸ்டின் ஹாஃப்மேனும் சேந்து வாங்கின பட்டம் என்ன தெரியுமா, தேறவே வாய்ப்பில்லாத ரெண்டு பேர்னு கூடப் படிச்சவங்க ஓட்டுப் போட்டு குடுத்தது. நியூயார்க் போய் சோபா, கட்டில் எல்லாம் மாடிப்படில தூக்கி இறக்குற வேலை, ஹோட்டல் வாசல்ல டோர்மேன் வேலை. யூனிஃபார்ம் போட்டு வாசல்ல நிக்கும்போது பாசடீனா வாத்தியார் ஒருத்தர் அந்தப் பக்கம் வந்து, நீ உருப்பட மாட்டன்னு நான் அப்பவே சொன்னேனேன்னு சொல்லிட்டுப் போனாராம். போனி அண்ட் க்ளைட் வந்து ஜனங்களுக்கு மூஞ்சி தெரியும்போது வயசு 37. அதே வருஷம் ‘தி கிராஜுவேட்’ல இருந்து ரிகர்சல்லயே தூக்கிட்டாங்க.

இவ்ளோ வருஷம் பட்டினிக்குப் பக்கத்துல நின்னவனுக்கு ஒருத்தன் பெட்டியோட வந்து காசு நீட்டினா வாங்கத்தான் செய்வான். அத வீணடிச்சதுன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை?

நைட்ஷோ:
அண்ணே, ஏழ்மை எனக்கும் புரியுது. ஆனா 75ல அவர் ஏழை இல்லையே, ஆஸ்கர் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. கூட ஒரே ரூம்ல இருந்து அதே மாதிரி கஷ்டப்பட்ட ஹாஃப்மேன், ராபர்ட் டுவால் எல்லாம் இவ்ளோ கண்டபடி ஒத்துக்கல. ஹாஃப்மேன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல எவ்ளோ யோசிச்சார்னு பாருங்க.

மேடைக்காரி:
நான் சண்டைக்கு வரல, என் பாடு சொல்றேன். ஞாயித்துக்கிழமை நாடகம் போடுறேன், மத்த நாள்ல டிவி சீரியல். ஒரு சீரியல்ல எட்டு மாசம் அத்தை வேஷம், அழுறது, சாபம் விடுறது, கதவ சாத்துறது, இவ்ளோ தான், அதுலயும் மூணு மாச சம்பளம் இழுத்தடிச்சாங்க. அந்த எட்டு மாசம் நான் என்னை வீணடிச்சேனான்னு நானே என்னைக் கேட்டிருக்கேன். அப்ப தான் ஹேக்மேன் படங்கள வரிசையா உட்கார்ந்து பாத்தேன், நல்லது கெட்டது எல்லாம் சேத்து.

நான் கண்டது இது தான். படம் மட்டமா இருக்கும், அவர் மட்டமா இருக்க மாட்டார். எதிர்ல பேசுறவங்க வசனத்த நிஜமாவே காதுல வாங்குவார். பாதி நடிகருங்க தன் வசனம் எப்ப வரும்னு காத்திருப்பாங்க, கேமராவுல அது தெரியும், எங்க செட்ல நான் தினமும் பாக்குறேன். இவர் அடுத்தவங்க பேசும்போது மூஞ்சில ஏதோ ஒண்ணு மாறிக்கிட்டே இருக்கும், அப்புறம் பாதிச் சிரிப்பு சிரிப்பார், அது சந்தோஷமா மிரட்டலான்னு நமக்குப் புரியாது. லூஸ் கேனன்ஸ்லயும் அது இருக்கு. அத பாத்துட்டு தான் நான் அத்தை வேஷத்துல காபி டம்ளர எப்படிப் பிடிக்கணும்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

அப்பா போனத பழையரீல் அண்ணா ஒரு வரில சொல்லிட்டு போயிட்டார், அங்க தான் விஷயமே இருக்கு. பையன் தெருவுல விளையாடிக்கிட்டு இருக்கான், அப்பா காருல போறார், நிக்கல, கைய மட்டும் லேசா அசைச்சிட்டுப் போயிட்டார். அவ்ளோ தான் விடை. ஒரு சின்ன கையசைப்புல எவ்ளோ அர்த்தம் அடங்கும்னு அதுல தான் தெரிஞ்சுக்கிட்டதா ரொம்ப வருஷம் கழிச்சு அவரே சொல்லியிருக்கார். இத படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல.

நைட்ஷோ:
அக்கா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைக்கும் எதிர்ப்பு இல்ல. நான் சொல்றதும் அதையே தான், இவ்ளோ பெரிய சொத்து கையில இருந்தா அத எங்க செலவழிக்கணும்ங்கறது தான் கேள்வி. மட்டமான படத்துல நல்லா நடிக்கிறது யாருக்கு லாபம்? அத யாரு தேடிப் போய் பாக்குறாங்க?

கறுப்புவெள்ளை:
நீங்க எல்லாரும் மட்டமான படத்தப் பத்தியே பேசுறீங்க. எனக்கு அவரோட ‘நல்ல’ படத்துல ஒண்ணு மேல தான் கோபம், மிஸ்ஸிசிப்பி பர்னிங் (1988). 1964ல மிஸ்ஸிசிப்பியில சேனி, குட்மேன், ஷ்வெர்னர்னு கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மூணு இளைஞர்கள கொன்னு மண் அணைக்கு அடியில புதைச்சாங்க, அந்த வழக்கு தான் கதைக்கு அடிப்படை. ஆனா படத்துல யாரு ஹீரோ? ரெண்டு வெள்ளைக்கார எஃப்பிஐ ஆளுங்க. கறுப்பின மக்கள் பயந்து நிக்கிறாங்க, அழுறாங்க, பாட்டு பாடுறாங்க, போராட்டமே அவங்க நடத்தினதுங்கறது எங்கயும் இல்ல. நிஜத்துல எட்கர் ஹூவர் தலைமையில இருந்த எஃப்பிஐ அந்தக் காலத்துல மார்ட்டின் லூதர் கிங்க வேவு பாத்துக்கிட்டு இருந்துச்சு. படம் வந்தப்பவே கிங்கோட மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் உட்பட பலர் எதிர்த்துப் பேசினாங்க.

ஹேக்மேன் அதுல மோசமா நடிச்சிருந்தா பரவாயில்லன்னு விட்டிருப்பேன், ஆனா அபாரமா நடிச்சிருக்கார். பார்பர் ஷாப்புல சவரக்கத்திய கையில வச்சுக்கிட்டு அந்த டெபுட்டி ஷெரிஃப்ப விசாரிக்கிற சீன்ல தியேட்டரே கை தட்டும். அந்தக் கைதட்டு தான் பொய்ய உண்மையாக்குது. நல்ல நடிப்பு கெட்ட வரலாத்துக்கு வக்காலத்து வாங்கினா அது வீணடிச்சதை விட மோசம் இல்லையா?

பழையரீல்:
இது கனமான குற்றச்சாட்டு, மறுக்க மாட்டேன். அந்தப் படத்தோட பார்வை கோணல் தான். ஆனா ஸ்கிரிப்ட் எழுதினதும் டைரக்ட் பண்ணதும் அவர் இல்ல. அந்தப் படத்துலயே ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் கூட அவர் வர்ற சீன்கள பாருங்க, டெபுட்டியோட மனைவி, புருஷன் கொலையில சம்பந்தப்பட்டிருக்கான்னு அவளுக்குத் தெரியும், இவர் அவகிட்ட உண்மைய வாங்க வந்தவர், வாங்கணும்னும் இருக்கு, அவள மாட்டி விடக் கூடாதுன்னும் இருக்கு. ரெண்டும் ஒரே மூஞ்சில.

இன்னொண்ணு, அந்த வருஷம் சிறந்த நடிகர் ஆஸ்கருக்கு இவரும் இருந்தார், ரெயின் மேனுக்காக ஹாஃப்மேனும் இருந்தார், ஜெயிச்சது ஹாஃப்மேன். தேறாதுன்னு ஓட்டு வாங்கின ரெண்டு பேரும் ஒரே மேடைக்குப் போட்டி!

கறுப்புவெள்ளை:
எழுதினவர் வேற, எடுத்தவர் வேற, சரி. ஆனா தேதி குடுத்தது அவர் தானே. வன்முறை விஷயத்துல அவரே பாத்து ஒத்துக்கத் தெரிஞ்சவர் தான், ‘அன்ஃபர்கிவன்’ படத்த மொதல்ல வேணாம்னு தான் சொன்னார். அதே அக்கறை இதுலயும் இருந்திருக்கலாம்.

பழையரீல்:
அன்ஃபர்கிவன (1992) நீங்களே எடுத்துட்டீங்க, நல்லதாப் போச்சு. அவரோட மகள்களுக்கு அப்பா அடிதடி வேஷமா பண்றது பிடிக்கல, அதனால தான் வேணாம்னார், டைரக்டர் கிளின்ட் ஈஸ்ட்வுட் தான் இது வன்முறைய தூக்கிப் பிடிக்கிற படம் இல்லன்னு பேசி சம்மதிக்க வச்சார். அதுக்கு ரெண்டாவது ஆஸ்கர், துணை நடிகர்னு.

அந்த ஷெரிஃப் லிட்டில் பில்ல நினைச்சுப் பாருங்க. நடுத்தெருவுல ரிச்சர்ட் ஹாரிஸ உதைச்சு உதைச்சு தள்ளுவார், ஊரே வேடிக்கை பாக்கும், யாரும் இங்க துப்பாக்கியோட வரக் கூடாதுன்னு ஊருக்குப் பாடம் எடுக்குற மாதிரி பேசிக்கிட்டே உதைப்பார். அதே ஆளு சாயங்காலம் ஆனா தன் கையால வீடு கட்டுறார், தச்சு வேலை சுத்தமா வராது, ஒரு மூலை நேரா இல்ல, மழை பெஞ்சா கூரை முழுக்க ஒழுகும், சட்டி பானை எல்லாம் கீழ வச்சு தண்ணி பிடிப்பார். கூட இருக்குற எழுத்தாளர் அந்தத் தச்சன தூக்குல போடணும்னு கிண்டலா சொல்லுவார், தச்சனே இவர் தான்னு தெரியாது. அப்ப ஹேக்மேன் ஒரு பார்வை பாப்பார் பாருங்க. இவ்ளோ கொடூரமானவனுக்கும் தான் போட்ட கூரை மேல ஒரு ரோஷம். சாகும்போதும் அவன் சொல்றது வீடு கட்டிக்கிட்டு இருந்தேனேன்னு தான். வில்லன்னு முத்திரை குத்திட்டுப் போக விடாத நடிப்பு அது. படம் வந்தப்ப வயசு 62. வீணடிச்சவனுக்கு அந்த வயசுல அது வராது தம்பி.

நைட்ஷோ:
அண்ணே, நான் கான்வர்சேஷன வச்சுப் பேசுறேன், நீங்க அன்ஃபர்கிவன வச்சுப் பேசுறீங்க, நடுவுல பதினெட்டு வருஷம் இருக்கு. அந்தப் பதினெட்டு வருஷத்துல இன்னும் நாலு கான்வர்சேஷன் வந்திருக்கலாம்ங்கறது தான் என் வயித்தெரிச்சல். கான்வர்சேஷனுக்காக அவருக்கு ஆஸ்கர் நாமினேஷன் கூட வரலங்கறது தனி அநியாயம்.

அப்புறம் அவர் கூட வேலை செஞ்சவங்க பாடு. ‘தி ராயல் டெனன்பாம்ஸ்’ எடுக்கும்போது டைரக்டர் வெஸ் ஆண்டர்சன எவ்ளோ திட்டினார்னு அதுல நடிச்சவங்களே வெளிய பேசியிருக்காங்க. பில் மரே தனக்கு ஷூட்டிங் இல்லாத நாள்லயும் டைரக்டருக்குத் துணையா வந்து நின்னாராம். அவ்வளவு சின்ன வயசு டைரக்டர், அவரையே மனசுல வச்சு எழுதின படம், அவனப் போய் அப்படி மிரட்டலாமா?

மேடைக்காரி:
திட்டினது தப்பு தான், இதுல ரெண்டாவது பேச்சு இல்ல. செட்ல கத்து வாங்குறது என்னன்னு எனக்குத் தெரியும், எவ்ளோ பெரிய நடிகர்னாலும் நான் அத நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனா அந்தப் படத்துல (2001) அவர் பண்ண ராயல்ங்கற வேஷம் யாரு? பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டுப் போன அப்பன். புத்துநோய்னு பொய் சொல்லி வீட்டுக்குள்ள வர்றவன். அந்தக் கைய அசைச்சிட்டுப் போன அப்பாவோட மகன் கிட்ட போய் இந்த வேஷத்த குடுத்தா அவருக்கு உள்ள என்னென்ன கிளம்பியிருக்கும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கும், இது என் ஊகம் தான். கடைசில நாய் செத்துப் போச்சு, ராயல் புதுசா ஒரு டால்மேஷன் நாய் வாங்கிட்டு வந்து நிக்கிறான், படம் முழுக்க அப்பன் மேல கோவத்துலயே இருந்த பென் ஸ்டில்லர் அப்ப தான், இந்த வருஷம் எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சுப்பான்னு சொல்லுவார். அதுக்கு ஹேக்மேன் தெரியும்டான்னு ஒரு வார்த்தை, கை தோள்பட்டைல. அவ்ளோ தான். அழுகை இல்ல, கட்டிப்பிடி இல்ல. கைய அசைச்சிட்டுப் போன அப்பனுக்கும் கைய தோள்ல வச்ச அப்பனுக்கும் நடுவுல ஒரு ஆளோட மொத்த வாழ்க்கை இருக்கு.

நைட்ஷோ:
இத நான் யோசிச்சதே இல்ல அக்கா. அந்த சீன் மறுபடி பாக்குறேன்.

ஆனா சூப்பர்மேன் 4? அதுக்கு என்ன சொல்லுவீங்க?

பழையரீல்:
4க்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது மோசம் தான். ஆனா சூப்பர்மேன்னு எடுத்தா மொத ரெண்டையும் சேத்து எடுங்க. மொத படத்துல (1978) மீசைய எடுக்க மாட்டேன்னார் ஹேக்மேன், டைரக்டர் ரிச்சர்ட் டானர் நான் என் மீசைய எடுத்தா நீங்களும் எடுக்கணும்னு பேசி ஒத்துக்க வச்சு, இவர் எடுத்தப்புறம் டானர் தன் மீசைய அப்படியே பிச்சு கழட்டினாராம், அது ஒட்டு மீசை. பாதில தயாரிப்பாளருங்க டானர தூக்கிட்டு ரெண்டாம் பாகத்துக்கு வேற டைரக்டர வச்சு மிச்சத்த எடுக்கும்போது ஹேக்மேன் வரவே மாட்டேன்னுட்டார். டூப் போட்டு வேற ஆள் குரல் வச்சு சமாளிச்சாங்க. காசுக்காக எதையும் செய்றவர்னா போய் நின்னிருக்கணுமே?

விலகினதையும் பாருங்க. 2004க்கு அப்புறம் நடிக்கல. இதயம் இந்த அழுத்தத்த தாங்காதுன்னு டாக்டர் சொன்னதா பின்னாடி சொன்னார். அதுக்கப்புறம் நியூ மெக்சிகோ மாநிலத்துல சான்டா ஃபேங்கற ஊர்ல இருந்துக்கிட்டு படம் வரைஞ்சார், நாவல் எழுதினார். மரீன் படை பத்தின ரெண்டு டாக்குமெண்டரிக்கு குரல் குடுத்தார், அவ்ளோ தான். யாரு எவ்ளோ குடுத்தாலும் திரும்பி வரல. இருவது வருஷம்! காசாசை பிடிச்சவன் செய்ற வேலையா இது?

கறுப்புவெள்ளை:
அந்தக் கடைசி வருஷங்கள நினைச்சா தான் பேச்சு வரல. 2025 பிப்ரவரில மனைவி பெட்ஸி அரகாவா, எலிங்ககிட்ட இருந்து தொத்துற ஹான்டாவைரஸ்ல மொதல்ல இறந்துட்டாங்க, இவருக்கு அல்சைமர் முத்திப் போயிருந்துச்சு, கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சு இவரும் போயிட்டார், அந்த நாளெல்லாம் அந்த வீட்டுல எப்படி இருந்திருப்பார்னு… வேணாம். 95 வயசு. படத்து மேல இருக்குற என் கோபம் அப்படியே தான் இருக்கு, மனுஷன் மேல இல்ல.

நைட்ஷோ:
ஆமா. அந்தச் செய்தி வந்தப்ப நான் வேலைய விட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

சரி, நேரா சொல்றேன். எனக்கு அவர் மேல கோபமே இல்ல, பேராசை தான். பிரெஞ்ச் கனெக்‌ஷன்ல குளிர்ல நடுங்கிக்கிட்டு தெருவுல நிப்பாரே, எதிர்த்தாப்புல கண்ணாடிக்குள்ள அந்த போதைக் கடத்தல்காரன் ஃபெர்னாண்டோ ரே தட்டு தட்டா சாப்பிடுவான், இவர் கையில பீட்சா துண்டு, பேப்பர் கப்புல காபி, ஒரு வாய் குடிச்சிட்டு தரையில ஊத்துவார். அந்த காபி எவ்ளோ கேவலமா இருந்துச்சுன்னு நமக்கு நாக்குல தெரியும். அந்த மாதிரி இன்னும் வேணும்னு தான் கேக்குறேன்.

பழையரீல்:
இன்னும் வேணும்னா ஹூசியர்ஸ் (1986) பாத்தீங்களா? நீங்க சொல்ற அந்த நடுப் பதினெட்டு வருஷத்துக்குள்ள தான் வருது.

நைட்ஷோ:
இல்லண்ணே. பாஸ்கெட்பால் படம்னு விட்டுட்டேன்.

பழையரீல்:
இன்னைக்கே பாருங்க. இந்தியானா கிராமத்து ஸ்கூல் டீம், இவர் கோச். மாநில ஃபைனல் பெரிய ஸ்டேடியத்துல. உள்ள நுழைஞ்சதும் கிராமத்துப் பசங்க அண்ணாந்து பாத்து வாயடைச்சுப் போய் நிப்பாங்க. இவர் அளக்குற டேப்ப எடுத்து ஒரு பையன் கிட்ட குடுப்பார். ஃப்ரீ த்ரோ கோடு எவ்ளோ தூரம்? 15 அடி. ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் ஏறி கூடைய அளப்பாங்க, 10 அடி. நம்ம ஊர் ஜிம்லயும் இதே அளவு தான்னு சொல்லி பசங்கள அனுப்பிருவார். குரல உயர்த்தவே மாட்டார். பசங்க வெளிய போனப்புறம் தனியா நின்னு இவரே அந்த ஸ்டேடியத்த ஒரு தடவ பாத்து மூச்சு விடுவார், பயம் அவருக்கும் இருந்துச்சுன்னு அப்ப தான் நமக்குத் தெரியும். எடுக்கும்போது டைரக்டரோட சண்டை, இந்தப் படம் தேறாதுன்னு வேற நினைச்சிருக்கார். நம்பிக்கையே இல்லாத படத்துலயும் அந்த மூச்ச விட்டார் பாருங்க.

நைட்ஷோ (மறுநாள்):
பாத்துட்டேன். டேப் சீன் மூணு தடவ. கூடைய அளந்து முடிச்சு அந்தப் பையன் இறங்கும்போது என் தோள் தானா இறங்குச்சு. நீங்க சொன்ன அந்த மூச்சு, ஆமா.

ஆனா அந்த டீச்சரோட காதல் மட்டும் ஒட்டவே இல்ல, திடீர்னு முளைச்ச மாதிரி இருக்கு.

பழையரீல்:
அது அவங்க ரெண்டு பேர் தப்பு இல்ல தம்பி, படம் நீளம்னு சொல்லி அந்த சீன்களத்தான் எடிட்டிங்ல நிறைய வெட்டினாங்க.

மேடைக்காரி:
வெட்டினதுக்கு அப்புறமும் அந்த வயல்வெளில நடக்குற சீன்ல அவங்க பேசும்போது அவர் எப்படிக் கேக்குறார்னு மறுபடி பாருங்க நைட்ஷோ. சத்தத்த நிறுத்திட்டுப் பாருங்க.